கார் இல்லாத நாள்: அலுவலகத்தில் நடைமுறைப்படுத்துவது எப்படி?

கேள்வி: சென்னை கிண்டியில் சுமார் முந்நூறு பேர் பணிபுரியும் நிறுவனமொன்றில் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். செப்டம்பர் 22, உலகக் கார் இல்லாத நாள் அன்று காரை வீட்டில் விட்டு வரும்படி சென்ற ஆண்டு ஊழியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினோம், சுவரொட்டிகளும் ஒட்டினோம். பத்துப் பேர்கூட முன்வரவில்லை. இவ்வாண்டு என்ன செய்யலாம்?

பதில்: காரில் வருபவர்களுக்குப் புகையையும் நெரிசலையும் பற்றி எடுத்துச் சொல்லத் தேவையில்லை, நாள்தோறும் கத்திப்பாராவில் காத்து நிற்பவர்கள் அவர்கள்தான். கார் கையில் இல்லாவிட்டால் அவசரத்துக்கு என்ன செய்வது என்ற அச்சமே அவர்களைத் தடுக்கிறது. எனவே, அறிவுரையைக் குறைத்துக்கொண்டு அந்த அச்சத்தைப் போக்குவதில் உங்கள் உழைப்பைச் செலுத்துங்கள்.

முதலில் கவனிக்க வேண்டியது வீடு திரும்பும் பயணம். காலையில் எப்படியும் வந்துசேர்ந்துவிடலாம். குழந்தைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து நண்பகலில் அழைப்பு வந்தாலோ, மாலைக் கூட்டம் எட்டரை மணிவரை நீண்டாலோ என்ன செய்வது என்பதுதான் பலரது கவலை. அத்தகைய நிலையில் நிறுவனச் செலவில் வாடகைக் கார் ஏற்பாடு செய்து வீட்டுக்கு அனுப்பிவைப்போம் என்று எழுத்துப்பூர்வமாக உறுதியளியுங்கள். அமெரிக்க நகரங்கள் பலவற்றில் இந்த ஏற்பாடு நெடுங்காலமாக நடைமுறையில் உள்ளது. அதை உண்மையில் பயன்படுத்துவோர் குறைவு என்பதால் செலவும் குறைவு. ஆனால் அது இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் பலர் காரை விட்டு வருகிறார்கள்.

அடுத்தது வழி. ‘பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்துங்கள்’ என்று பொதுவாகச் சொல்வதால் பயனில்லை. ஊழியர்களின் வசிப்பிடங்களைப் பகுதிவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஏறும் இடம், மாறும் இடம், ஆகும் நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் அடக்கிக் கொடுங்கள். இதில் கிண்டிக்குப் பெரும் வசதி உண்டு: மெட்ரோ நிலையமும் புறநகர் ரயில் நிலையமும் அருகருகே இருக்கின்றன. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதியினருக்குப் புறநகர் ரயிலே நேர்வழி. அண்ணா நகர், கோயம்பேடு பகுதியினர் மெட்ரோவில் ஆலந்தூர் வந்து வண்டி மாறலாம். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் மெட்ரோ பணிகள் இன்னும் முடியாததால், அங்கிருந்து வருவோரை நால்வர் ஒரு காரில் வரச் சொல்வதே நேர்மையான யோசனை. காரை விட்டுவிட்டு ஆளுக்கொரு வாடகைக் காரில் வந்து இறங்குவதை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். பயணியை ஏற்ற அந்த வண்டி வெறுமனே ஓடிவரும் தொலைவையும் சேர்த்தால், சாலைச் சுமை கூடத்தான் செய்கிறது.

கொலம்பியத் தலைநகர் போகோட்டாவில் 2000 பிப்ரவரியில் ஒரு வேலைநாள் முழுவதும் தனியார் கார்களுக்குத் தடை விதித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் நடந்த வாக்கெடுப்பில் மக்களே அதை ஆண்டுதோறும் தொடர ஒப்புதல் அளித்தனர். உங்களால் தடை விதிக்க முடியாது. ஆனால் வாகன நிறுத்துமிடம் உங்கள் கையில் இருக்கிறது. ஊழியருக்கு இலவசமாகத் தோன்றும் அந்த இடத்துக்கு நிறுவனம் பணம் செலவிடுகிறது. அன்று அதைப் பயன்படுத்தாதவருக்கு அந்தத் தொகையையே கொடுங்கள். கலிபோர்னியாவில் 1992இல் இதற்கெனச் சட்டமே இயற்றப்பட்டது. அதைப் பின்பற்றிய எட்டு நிறுவனங்களை நகரத் திட்டமிடல் பேராசிரியர் டொனால்ட் ஷூப் ஆராய்ந்தபோது, தனியாகக் கார் ஓட்டி வருவோரின் பங்கு 76 விழுக்காட்டிலிருந்து 63 ஆகக் குறைந்திருந்தது. நான் பரிந்துரைப்பவற்றில் அதிகப் பலன் தரக்கூடியது இதுவே.

உயர் அதிகாரிகள் அன்று ரயிலில் வர வேண்டும். அவர்களது கார்கள் வழக்கமான இடத்தில் நின்றால் மற்றவர்கள் அதையே பார்ப்பார்கள். மாற்றுத்திறனாளிகள், கருவுற்றோர், இரவுப் பணியினர் ஆகியோரிடம் விளக்கம் கேட்காதீர்கள். பங்கேற்காதவர் பெயர்ப்பட்டியலும் வேண்டாம்.

முந்தைய வாரம் அதே கிழமையில் நிறுத்துமிடத்தில் நின்ற கார்களை எண்ணி வைத்திருந்தால்தான் மாற்றம் தெரியும். மாதம் ஒரு நாள் என்று தொடர விரும்பினால், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் ஜனவரியில் தொடங்குங்கள். அதற்குள், காரில் வந்தவர்களிடம் காரணம் கேட்டு வழித்தாளைத் திருத்த மூன்று மாத அவகாசம் கிடைக்கும்.