14 வருட பராமரிப்பு வேலை சலித்துவிட்டது என்றவருக்கு

ராஜினாமா இப்போது வேண்டாம். பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலையில் 14 வருடம், எந்த மெஷின் எப்போது மக்கர் பண்ணும் என்று சத்தத்திலேயே தெரிகிறது, புதிதாக ஒன்றுமில்லை என்கிறீர்கள். பழுது பார்ப்பதுதான் சலித்திருக்கிறது, பொறியியல் இல்லை என்று நினைக்கிறேன். வாளையாறு பக்கம் வேலை பார்த்தபோது எனக்கும் இப்படி இருந்தது.

ஒன்று செய்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை உற்பத்தி நின்றிருக்கும்போது காற்றுக் கம்ப்ரசரை மட்டும் ஓட்டி, லோடு (காற்றை அழுத்தும்), அன்லோடு (அழுத்தாமல் இருக்கும்) நேரங்களை பத்து சுற்றுக்குக் குறியுங்கள். அப்போது யாரும் காற்றைப் பயன்படுத்தாததால், லோடு நேரத்தை இரண்டும் சேர்ந்த மொத்த நேரத்தால் வகுத்தால் கம்ப்ரசர் திறனில் காற்றுக் கசிவின் பங்கு கிடைக்கும். (மோட்டார் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் விஎஃப்டி கம்ப்ரசருக்கு இது பொருந்தாது.) 20 சதவீதம் தாண்டினால், மின்கட்டணக் கணக்கோடு மேலாளரிடம் போங்கள். கசிவைக் குறைக்கும் வேலையை நீங்களே கேட்டு வாங்குங்கள்.

அந்த எண்ணைப் பார்த்தும் மனசு அசையவில்லை, தூக்கமும் சரியில்லை என்றால் அது சலிப்பு இல்லை, களைப்பு. அப்படியானால் முதலில் லீவு எடுங்கள்.