திட்டு விழுவது யார்மேல்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அலுவலகத்தில் நண்பன் ஒருவனை இரண்டு முறை கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. "என்னடா, செவிடா நீ?" என்று கேட்டேன். அவனுக்குக் காது நன்றாகவே கேட்கும். அவனும் சிரித்தான். பக்கத்து மேசைக்காரர் மட்டும் "அந்த வார்த்தை வேண்டாமே" என்றார். அன்றிலிருந்து எனக்கு ஓர் எரிச்சல். லூசு, மென்டல், நொண்டிச் சாக்கு, குருட்டு அதிர்ஷ்டம் எல்லாம் தினமும் பேசுவதுதானே? யாரையும் மனத்தில் வைத்துச் சொல்வதில்லை. போலியோவால் கால் பாதிக்கப்பட்ட என் நண்பர் ஒருவரே தன்னை 'நொண்டி' என்று சொல்லிச் சிரிப்பார். இப்படி ஒவ்வொன்றாக விலக்கினால் பழமொழிகளையும் கொளுத்த வேண்டியதுதானா? உங்கள் கதைப் பாத்திரங்கள் பிறகு எப்படித்தான் திட்டும்?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நோக்கத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கடிதம் முழுக்க அதைப் பற்றியே பேசியிருக்கிறீர்கள். அந்த வசவு எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். காது கேட்கிறவனைச் 'செவிடா' என்றால் அவனுக்கு உறைக்கிறது. 'இடதுகைக்காரா' என்று திட்டினால் உறைக்காது. காது கேளாமை கேவலம் என்று சொன்னவர், வாங்கியவர், வேடிக்கை பார்த்தவர் எல்லாரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருப்பதால்தான் முதல் வசவு எடுபடுகிறது. உங்கள் நண்பர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவருக்கு அதில் செலவில்லை.

செலவு வேறொருவருக்கு. காது குறைவாகக் கேட்கிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? பேச்சு புரியவில்லை என்றால் ஒரு முறை "என்ன சொன்னீர்கள்?" என்பார்கள். இரண்டாம் முறை தயங்குவார்கள். மூன்றாம் முறை கேட்கவே மாட்டார்கள். தலையை ஆட்டிவைப்பார்கள். எதிரில் இருப்பவர் சிரித்தால் தாங்களும் சிரிப்பார்கள். கூட்டத்தில் என்ன முடிவானது என்பதைப் பிறகு யாரிடமாவது நைசாக விசாரித்துத் தெரிந்துகொள்வார்கள். காதிலுள்ள கருவி வெளியே தெரியாமலிருக்க முடியை வளர்த்துக்கொள்பவர்களும், பணம் கொடுத்து வாங்கிய கருவியை மேசை இழுப்பறையிலேயே போட்டுவைத்திருப்பவர்களும் உண்டு. ஏன் இத்தனை ஒளிவுமறைவு? இரண்டாம் முறை 'என்ன?' என்று கேட்கிறவனுக்கு என்ன பட்டம் கிடைக்கும் என்பதை நம்மைப் போன்ற நல்லவர்கள், வேறு யாரையோ கேலி செய்கிற சாக்கில், அவருக்குத் தினமும் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். புண்படுவது, படாதது என்பது இதற்கு அடுத்த பேச்சு.

'மென்டல்' இன்னும் மோசம். தூக்கமில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று தானே உணர்ந்தவர்கூட மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார். போகும் நாளில் விடுப்புக் கடிதத்தில் 'பல்வலி' என்று எழுதுகிறார். அந்தப் பல்வலியில் நம் எல்லாருடைய விளையாட்டுப் பேச்சுக்கும் பங்கு உண்டு.

இதற்குச் சட்டம் வருமா என்றால், உங்கள் விஷயத்தில் வராது. இந்தியாவின் 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92 ஆம் பிரிவு, ஊனமுள்ள ஒருவரைப் பொதுவெளியில் அவமானப்படுத்தும் எண்ணத்தோடு வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை என்கிறது. நண்பனிடம் பேசியது அதற்குள் வராது. ஆனால் சிறைக்குப் போகாத பேச்செல்லாம் நல்ல பேச்சு என்று நீங்களும் சொல்ல மாட்டீர்கள்.

உங்கள் போலியோ நண்பரின் சிரிப்பு அவருடைய உரிமை. பிறர் சொல்லிவிடுவதற்கு முன் முந்திக்கொள்கிறாரா, உண்மையிலேயே வேடிக்கையாக எடுத்துக்கொள்கிறாரா என்பது அவருக்குத்தான் வெளிச்சம். எதுவானாலும் அந்த உரிமையை அவர் உங்களுக்கு எழுதிக்கொடுத்துவிடவில்லை. 2024 ஜூலையில் இந்திய உச்ச நீதிமன்றம், திரையில் மாற்றுத்திறனாளிகளைச் சித்தரிப்பது பற்றிய ஒரு வழக்கில் இதே வேறுபாட்டைத்தான் தொட்டது. ஊனத்தைப் புரிந்துகொள்ள வைக்கும் நகைச்சுவை ஒரு வகை, ஊனமுள்ளவரைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை வேறு வகை என்றது.

பெயரை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களோடும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. இன்று வாய் கூசாமல் சொல்கிற 'இடியட்' ஒரு காலத்தில் அறிவுத்திறன் குறைபாட்டின் ஒரு படியைக் குறித்த மருத்துவக் கலைச்சொல். 1910இல் அமெரிக்க உளவியலாளர் ஹென்றி கோடார்ட், இடியட், இம்பிசில் என்ற இரண்டு படிகளுக்கு மேலே 'மோரான்' என்று மூன்றாவதைச் சேர்த்தார். மூன்றும் வசவாயின. பிறகு வந்த 'ரிடார்டேஷன்' என்ற சொல்லும் அதே வழியில் போக, 2010இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டு அதைப் பல கூட்டரசுச் சட்டங்களிலிருந்து நீக்கியது. பிரிட்டனில் பெருமூளை வாதம் உள்ளவர்களுக்கான 'ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி' என்ற அமைப்பு, பள்ளிப் பிள்ளைகள் 'ஸ்பாஸ்டிக்' என்ற சொல்லை வசவாக்கிவிட்டதால் 1994இல் தன் பெயரையே 'ஸ்கோப்' என்று மாற்றிக்கொண்டது. நம்மிடமும் 'மாற்றுத்திறனாளி' என்பதைக் கண்ணடித்துக்கொண்டு சொல்கிறவர்கள் வந்துவிட்டார்கள். சம்பந்தப்பட்டவர்கள் எந்தப் பெயரைக் கேட்கிறார்களோ அதைச் சொல்ல வேண்டியது மரியாதை. ஆனால் ஏளனம் அப்படியே இருந்தால் எந்தப் பெயரும் அதிக நாள் தாங்காது.

பழமொழிகளைக் கொளுத்த வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுக்கவும் வேண்டாம். 'ஊமை கண்ட கனவு' என்பதில் ஏளனமே இல்லை, சொல்ல முடியாதவரின் தவிப்புதான் இருக்கிறது. 'செவிடன் காதில் ஊதிய சங்கு' அப்படியல்ல. ஊதியவனின் சலிப்பைக் கேளாதவன் தலையில் கட்டுகிறது. நான் அதை எழுதுவதில்லை. 'லூசு' தேய்ந்துபோன காசு. காதலர்கள் கொஞ்சிக்கொள்கிற சொல்லாகவே ஆகிவிட்டது. அதற்காக நான் யாரோடும் சண்டைக்குப் போக மாட்டேன். 'நொண்டிச் சாக்கு' என்பதற்குச் 'சப்பைக்கட்டு' இருக்கிறது, கேட்கவும் நன்றாக இருக்கிறது. கூப்பிட்டும் திரும்பாதவனைத் திட்டத் தமிழில் பஞ்சமா? கல்லுளிமங்கன் என்று ஓர் அருமையான சொல் சும்மா கிடக்கிறது. திமிர், சோம்பல், அலட்சியம் எல்லாம் அவனவன் செய்கிற காரியம், திட்டு வாங்கத் தகுதியானவை.

கடைசியாக, கதைப் பாத்திரங்கள். அவர்கள் தாராளமாகத் திட்டலாம். பெற்ற மகனை 'நொண்டி' என்றே கூப்பிடுகிற ஒரு குரூரமான அப்பனின் வாயில் 'மாற்றுத்திறனாளியே' என்று எழுதினால் அதைவிடப் பொய் வேறில்லை. அந்தச் சொல்லை அவன் சொல்லத்தான் வேண்டும், அது மகன் மேல் எப்படி விழுகிறது என்பதையும் வாசகர் பார்க்க வேண்டும். ஆனால் 'நொண்டி உள்ளே வந்து உட்கார்ந்தான்' என்று கதைசொல்லியின் வரியாக வந்தால், அதை எந்தப் பாத்திரத்தின் மேலும் தள்ளிவிட முடியாது. அந்த வரிக்கு நான்தான் பொறுப்பு.

அன்புடன்,
ஆசிரியர்