கதையைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

நண்பர்களோடு ஓர் ஓவியக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். அவர்கள் கம்போசிஷன், ஸ்பேஸ், பேலன்ஸ் என்று பேசிக்கொண்டே போக, எனக்கு 'நல்லா இருக்கு' என்பதைத் தாண்டி ஒன்றும் வரவில்லை. இதற்கான அடிப்படைச் சொற்களை எங்கிருந்து கற்பது? கலை வரலாறு முழுக்கப் படிக்கவேண்டுமா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

கலை வரலாறு அப்புறம் படிக்கலாம், அவசரமில்லை. கோடு, வடிவம், அளவு, வெளி (உங்கள் நண்பர்கள் சொன்ன ஸ்பேஸ்), ஒளி, நிறம் என்று ஆரம்பத்தில் வேண்டிய சொற்கள் கொஞ்சம்தான், எல்லாமே உங்களுக்குத் தெரிந்தவை. ஒரு படைப்பின் முன்னால் நின்று அவற்றைப் பயன்படுத்திப் பழகவேண்டும்.

அதற்கு மாமல்லபுரம் போய் வாருங்கள். கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் மகிஷாசுரமர்த்தினி குகை இருக்கிறது, 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்து வேலை. உள்ளே எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு பெரிய புடைப்புச் சிற்பங்கள். நம்மில் பலர் நுழைந்ததுமே 'இது துர்க்கை, அது பள்ளிகொண்ட பெருமாள்' என்று அடையாளம் கண்டுபிடித்து, பிள்ளைகளுக்குக் கதையைச் சொல்லி, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறோம். கதை தெரியும் என்பதாலேயே பார்க்காமல் வந்துவிடுகிறோம், எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

முதலில் கோட்டை மட்டும் பாருங்கள். சிங்கத்தின்மேல் துர்க்கை வில்லை இழுத்தபடி முன்னேறுகிறாள். எருமைத்தலை மகிஷன் கையில் பெரிய தண்டம் இருந்தும் பின்னால் சாய்கிறான், தலைமுதல் கால்வரை உடம்பே ஒரு சாய்கோடு. அவன் தோற்கப்போகிறான் என்பது புராணம் தெரியாதவருக்கும் அந்தச் சாய்விலேயே புரிந்துவிடும். அப்படியே திரும்பி எதிர்ச்சுவரைப் பார்த்தால் பெருமாளின் உடல் நீண்ட கிடைக்கோடாகக் கிடக்கிறது, காலருகே மது, கைடபன் என்ற இரண்டு அசுரர்கள் வந்து நிற்கும்போதுகூட அதில் ஒரு சலனமில்லை.

அடுத்து அளவு. மகிஷன் துர்க்கையைவிட உருவில் பெரியவன், முக்கியமானவரைப் பெரிதாகக் காட்டும் வழக்கத்தைச் சிற்பி இங்கே திருப்பிப் போட்டிருக்கிறார். ஆனாலும் குள்ளமான பூதகணங்கள் அவளோடு சேர்ந்து அதே திசையில் நகர்வதால் வேகம் முழுக்க அவள் பக்கம் வந்துவிடுகிறது. கீழே ஒரே நெரிசல், விழுகிற அசுரர்கள். இருவரின் முகங்களுக்கு நடுவே மட்டும் கூட்டம் குறைந்து கொஞ்சம் வெளி. அம்பு போகவேண்டிய இடம் அது! பக்கச் சுவர்கள் என்பதால் வாசல் வெளிச்சம் சிற்பத்தின்மேல் பக்கவாட்டில்தான் விழும், மேடுபள்ளங்களின் நிழலையும் கவனியுங்கள்.

இதே சொற்கள் டிசைனுக்கும் போதும். நம் கல்யாணப் பத்திரிகைகளில் சாமி படம், உறவினர் பெயர்கள், முகூர்த்த நேரம், மண்டபத்தின் முகவரி எல்லாமே ஒரே அளவில் இண்டு இடுக்கு இல்லாமல் அடைத்திருக்கும், மண்டபம் எங்கே என்று விரலை வைத்துத் தேடவேண்டும். அளவும் வெளியும் தவறிப்போனதால் வந்த தொல்லை.

குகையை விட்டு வருவதற்குள் இரண்டு சிற்பங்களையும் ஒரு தாளில் ஐந்தாறு கோடுகளால் மட்டும் வரைந்து பாருங்கள், அழகாக வரவேண்டிய அவசியமே இல்லை. வரைந்ததை எனக்கு அனுப்புங்கள், அதை வைத்து மேலே பேசலாம்.