பழைய வீட்டில் தூசி தீரவே மாட்டேங்குதா? கேள்விகளும் பதில்களும்

சேலத்தில் பழைய வீடுகளைப் பழுது பார்ப்பதுதான் 20 வருடங்களாக என் வேலை. ஓட்டு வீடு, மெட்ராஸ் டெரஸ் வீடு (மரத் துலாம், அதாவது மர உத்தரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட தட்டைக் கூரை), மலை மேலே எஸ்டேட் பங்களா, எதற்குள் போனாலும் வீட்டுக்காரம்மா முதலில் சொல்வது தூசியைப் பற்றித்தான். துடைக்கத் துணி எடுப்பதற்கு முன்னால் அது என்ன தூசி, எங்கே இருந்து கிளம்புகிறது என்று பாருங்கள் என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன். இடம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): அண்ணா, எங்க தாத்தா கட்டின வீடு, மரத்துலாம் போட்ட மெட்ராஸ் டெரஸ். காலையில துடைச்சா சாயங்காலம் சாப்பாட்டு மேஜை மேல விரலால பேர் எழுதலாம். ஜன்னல் எல்லாம் மூடித்தான் இருக்கு. எங்கிருந்துங்க வருது?

ஜன்னலை மூடியும் வருகிறது என்றால் வீட்டுக்குள்ளேயே ஏதோ உதிர்கிறது. இன்றைக்கு ராத்திரி மூன்று கறுப்புத் துணி எடுத்து, ஒன்றை மேஜை மேல், ஒன்றைச் சுவர் ஓரம், ஒன்றை வாசல் பக்கம் விரித்து வையுங்கள். காலையில் மூன்றையும் பாருங்கள். எதில் அதிகம், எதில் குறைவு என்பதே பாதி பதில். அப்புறம் விரலால் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று இருந்தால் தெருமண். சாம்பல் நிறத்தில் சுருண்டு சுருண்டு இருந்தால் துணி நூல், முடி, நம் தோலில் இருந்து உதிர்வது. அரிசி மாவு மாதிரி வழவழவென்று இருந்தால் மரம் அல்லது சுவர்ப் பூச்சு. அந்த மாவில் ரெண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள், நுரைத்துக்கொண்டு வந்தால் அது பூச்சு.

கருப்பூர் பக்கம் இருக்கிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். அங்கே காற்றில் வருகிற வெள்ளைக்கல் தூசியும் பார்க்க சுண்ணாம்பு மாதிரியே இருக்கும். வெள்ளைக்காரர்கள் அங்கே இருக்கிற வெள்ளைக்கல் கரடுகளுக்குச் சுண்ணக் குன்று என்றே பேர் வைத்துவிட்டார்கள், ஆனால் அது சுண்ணாம்பு இல்லை, மேக்னசைட் என்கிற வேறு தாது. சூடு பண்ணாத எலுமிச்சைச் சாற்றுக்கு அது அப்படிப் பொங்காது.

அவரே மறுபடியும்: வெச்சுப் பார்த்தேங்க அண்ணா. மேஜை மேல போட்ட துணியிலதான் குவியலா இருந்துச்சு, மாவு மாதிரி, லேசான மஞ்சள். எலுமிச்சைக்கு ஒண்ணும் ஆகல.

அப்போது துலாம் உளுத்திருக்கிறது. ஏணி போட்டு ஏறி, டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள், குண்டூசித் தலை அளவில் வட்ட வட்டமாக ஓட்டை இருக்கும். உளு வண்டின் புழு மரத்தின் வெளிப்பக்க வெள்ளைப் பகுதியைத்தான் தின்னும், நல்ல தேக்கின் வைரம் பாய்ந்த உள்பகுதியை அவ்வளவு சுலபமாகத் தொடாது. அதனால் உடனே துலாத்தை மாற்ற வேண்டும் என்று பயப்படாதீர்கள். ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்குள் கெட்டியாக நின்றால் மரம் தாங்கும். ஆழமாக இறங்கினால் அந்த இடத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் மற்ற பேச்சு.

மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்வார்கள். தயவு செய்து வேண்டாம், தலைக்கு மேல் தீயை ஊற வைத்த மாதிரி ஆகும். போராக்ஸ் கரைசலை மரத்தில் இரண்டு மூன்று தடவை ஊற ஊற அடிப்பார்கள், அதைத் தெரிந்த பூச்சி மருந்துக்காரரிடம் செய்துகொள்ளுங்கள். மரத்தில் பெயிண்ட் இருந்தால் மருந்து உள்ளே இறங்காது, முதலில் அதை எடுக்க வேண்டும். மாவுக்குப் பதில் கசகசா மாதிரி தனித்தனி மணியாகக் கொட்டினால் அது உளு இல்லை, ஒரு வகைக் கறையான். அதற்கு வைத்தியமே வேறு.

கேள்வி (குகை): கீழ்ச் சுவர் முழங்கால் உயரத்துக்குப் பொரிஞ்சு பொரிஞ்சு கொட்டுது. மூணு வருஷத்துக்கு முன்னாடிதான் சிமெண்ட் பூசி எமல்ஷன் அடிச்சோம். மறுபடியும் சிமெண்ட்டே பூசலாமா?

கூடாது. இந்த ஒரு விஷயத்தை நான் எத்தனை வீட்டில் சொல்லியும் ஆள் வருவதற்குள் மூட்டை வந்து இறங்கிவிடுகிறது, மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். உங்கள் சுவர் செங்கல்லும் மண்ணும் சுண்ணாம்பும். அது தரையில் இருந்து ஈரத்தை உறிஞ்சும், காற்றில் விடும், அப்படித்தான் இத்தனை காலம் நின்றது. மேலே சிமெண்ட்டும் எமல்ஷனும் போட்டு மூடினால் ஈரம் போக வழி இல்லை. ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து, பூத்து, பூச்சைத் தள்ளி உடைக்கிறது. நீங்கள் கூட்டி அள்ளுவது அந்த உப்பையும் உடைந்த பூச்சையும்தான்.

பொரிந்த இடத்துக்கு மேலே ஒரு முழம் வரை சிமெண்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டு, ஒரு கோடையாவது சுவரைத் திறந்து போடுங்கள். வெளியே சுவரோரம் மண் ஏறியிருந்தால், சாக்கடை கசிந்தால், குளியலறைத் தண்ணீர் அங்கே நின்றால், முதலில் அதைச் சரி செய்யுங்கள். பிறகு நன்றாக ஊறிய சுண்ணாம்பில் மணல் கலந்து பூசச் சொல்லுங்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்ட தண்ணீர் விட்டுக் குழைக்கத் தெரிந்த கொத்தனார் கிடைத்தால் விடாதீர்கள். பூசினதும் வெயிலில் சட்டென்று காயவிடாமல் ஒரு வாரமாவது நனைத்து வர வேண்டும். மேலே வெள்ளையடித்தால் போதும், பசை சேர்த்து அடித்தால் கையில் ஒட்டாது.

கேள்வி (அம்மாபேட்டை): முன்ரூம்ல ரெண்டு விசைத்தறி, பின்னாடி நாங்க இருக்கோம். பஞ்சு சோத்துல கூட விழுதுங்க அண்ணா.

தங்கச்சி, தறியை நிறுத்தச் சொல்ல முடியாது, அதுதான் சோறு. அதனால் அந்த அறையை மட்டும் தனியாகப் பிரிக்கப் பாருங்கள். நடுவில் கதவு இருந்தால் அடியில் ரப்பர் பட்டை, இல்லையென்றால் தரை தொடுகிற மாதிரி கனமான பிளாஸ்டிக் திரை. தறியை ஏர் அடித்துச் சுத்தம் செய்கிற வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், பஞ்சும் பாவு நூலில் போட்ட கஞ்சித் தூளும் வீடு முழுக்கப் பறந்து மூச்சில் ஏறுகிறது. ஈரத் துணியால் துடையுங்கள், இல்லாவிட்டால் வேக்வம் கிளீனர் போடுங்கள். தறியில் நிற்கும்போது என்95 முகமூடி. வேலை முடிந்ததும் சட்டையை அந்த அறையிலேயே மாற்றச் சொல்லுங்கள். அப்புறம் சுவிட்ச் போர்டு, ஒயர் மேல் படிந்த பஞ்சை மெயினை அணைத்துவிட்டு வாராவாரம் எடுங்கள். ஒரு பொறி பட்டால் பஞ்சு நொடியில் பற்றும்.

கேள்வி (சூரமங்கலம்): ரோட்டோர வீடு. ஆடிக் காத்துல ஒரு நாளைக்கு மூணு தடவை கூட்டறேன்.

மூன்று தடவை கிளப்பிவிடுகிறீர்கள் அக்கா. பூந்துடைப்பத்தால் உலர்ந்த தரையைப் பெருக்கினால் கனமான மண் போகும், மெல்லியது எழும்பி ஒரு மணி நேரம் கழித்து மறுபடி உட்காரும். ஈர மாப்பு போடுங்கள், மேலே இருந்து கீழே வாருங்கள்: ஃபேன், பரண், ஜன்னல், கடைசியில் தரை. ஃபேன் இறக்கையைப் பழைய தலையணை உறைக்குள் நுழைத்து உருவினால் தூசி உறைக்குள்ளேயே நின்றுவிடும். காற்று வரும் பக்க ஜன்னலை மத்தியானம் சாத்திவிட்டு எதிர்ப் பக்கத்தைத் திறங்கள். வாசலுக்கு வெளியே தேங்காய் நார் மிதியடி, உள்ளே துணி மிதியடி, ரெண்டும் வேண்டும்.

கேள்வி (ஏற்காடு): மலை மேல ரோட்டுத் தூசியே இல்ல. ஆனா பையனுக்குக் காலையில எழுந்தா அடுக்கு அடுக்கா தும்மல், சில நாள் வீசிங். பழைய எஸ்டேட் வீடு, பலகைத் தரை.

முதலில் பையனை டாக்டரிடம் காட்டுங்கள், வீசிங்கை வீட்டு வைத்தியத்தில் விடக்கூடாது. வீட்டைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகம் மெத்தை மேல்தான். கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சி காற்றில் ஈரம் 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால் செழிக்கும், ஏற்காட்டுப் பனியில் கேட்கவே வேண்டாம். விரிப்பையும் உறையையும் வாராவாரம் 60 டிகிரி சுடுதண்ணீரில் துவையுங்கள். இலவம்பஞ்சு மெத்தையை வெயில் வந்த நாளெல்லாம் வெளியே போடுங்கள். தட்டுவதைப் பையன் பள்ளிக்கூடம் போன பிறகு செய்யுங்கள். கம்பளி, தரை விரிப்பு எல்லாம் அந்த அறையை விட்டு வெளியே. சுவரில் கறுப்பாகப் பூஞ்சை இருந்தால் காய்ந்த துணியால் தட்டாதீர்கள், ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள்.

கேள்வி (அஸ்தம்பட்டி): ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா?

ஹெப்பா (மிக மெல்லிய தூசியையும் பிடிக்கிற) ஃபில்டர் இருந்தால், அறை அளவுக்குப் பொருந்தினால், படுக்கை அறைக்கு மட்டும் வாங்கலாம். மிதக்கிற மெல்லிய தூசியை அது பிடிக்கும். மேஜையில் படிகிற மண்ணுக்கு அது தீர்வு இல்லை.

கேள்வி (சேலம் கோட்டை): மருமகள் முழுகாம இருக்கா. வளைகாப்புக்கு முன்னாடி பழைய கதவு ஜன்னலைச் சுரண்டி பெயிண்ட் அடிக்கப் போறோம்.

அம்மா, தள்ளிப் போடுங்கள், முடியாவிட்டால் வேலை முடிந்து வீடு கழுவும் வரை மருமகளை அம்மா வீட்டில் விடுங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த பெயிண்டில், அதுவும் மஞ்சள், பச்சை, சிவப்பு எனாமலில், ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அந்தத் தூள் வயிற்றுப் பிள்ளைக்கும் தவழும் குழந்தைக்கும் ஆகாது. உலர்ந்த உப்புத்தாள் வேண்டாம், மெஷின் வைத்துத் தேய்க்கவே வேண்டாம், சூடு காட்டியும் உரிக்க வேண்டாம். வாட்டர் பேப்பர் போட்டு ஈரமாகத் தேய்க்கச் சொல்லுங்கள், தரையில் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, தூளை அதிலேயே சுருட்டிக் கட்டுங்கள். சமையலறைக் கதவை வேலை முடியும் வரை திறக்காதீர்கள்.

கேள்வி (கிச்சிப்பாளையம்): பின்கட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல பாசி. சுரண்டிக் கழுவலாமா?

சுரண்டாதீர்கள், துளை போடாதீர்கள், மேலே ஏறவும் செய்யாதீர்கள், பழைய ஷீட் கால் வைத்ததும் உடையும். முழுசாக இருக்கிற வரை அதைத் தொடாமல் விடுவதுதான் நல்லது. விரிசல் விட்டிருந்தால் நனைத்து, உடைக்காமல் முழு ஷீட்டாக இறக்கத் தெரிந்த ஆளை வையுங்கள், இறக்குகிற அன்றைக்கு அடுப்படிச் சாமானை எல்லாம் உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள்.