திரையில் நடக்கும் கல்யாணத்துக்கு நகையைத் திருப்பி அடகு வைக்கலாமா?

கேள்வி: நான் ஆரையம்பதியில் வசிக்கும் ஆசிரியை, கணவர் இல்லை. கழிவுகள் போக மாதம் 58,000 ரூபாய் கைக்கு வருகின்றது. மகன் கொழும்பிலிருந்து 15,000 அனுப்புகின்றார். மகளுக்கு ரொறன்ரோவில் நிரந்தர வதிவிட உரிமையோடு இருக்கும் ஒருவருடன் சம்பந்தம் சரிவந்துள்ளது. அவருக்கு அடுத்த வருடக் கடைசி வரை லீவு இல்லை. ஆகவே ஆவணியில் எங்கள் வீட்டில் மணவறை போட்டு, அவர் திரையில் நிற்க, காரைதீவிலிருந்து வரும் அவருடைய தாயார் கையால் தாலி அணிவித்து, பிறகு மகளைக் கனடாவுக்கு அழைக்கும் ஸ்பொன்சர் அலுவலைத் தொடங்கலாம் எனப் பேசியிருக்கின்றோம். சுவிஸிலுள்ள என் அண்ணன், சொந்தக்காரர் எல்லோரும் பார்ப்பார்கள், பெரிய எல்.ஈ.டி. திரை, இரண்டு கமரா, ட்ரோன் எல்லாம் வேண்டும் என்கின்றார். வீடியோக்காரர் 2,20,000 ரூபாய் கேட்கின்றார். 7 பவுண் நகை 10 இலட்சத்துக்கு அடகில் உள்ளது. தங்கம் விலை ஏறியதால் அதே நகைக்கு 14 இலட்சம் தருவார்களாம். திருப்பி வைக்கலாமா? இரவில் நித்திரை வருவதில்லை.

பதில்: அன்புச் சகோதரி, வைக்க வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய அடகுச் சீட்டுகளின் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் அதே நான்கு உருப்படிகள்: கொடி ஒன்று, காப்பு இரண்டு, சங்கிலி ஒன்று. எழுதியிருக்கும் தொகை மாத்திரம் மாறிக்கொண்டே போகின்றது. முதலில் 5 இலட்சம். வருட வட்டி 18 வீதம் என்பதால் அடுத்த வருடம் 90,000 வட்டி. அதையும் கைக்கு எடுத்த 1,60,000 ரூபாயையும் சேர்த்துச் சீட்டு 7,50,000 ஆனது. அதற்கு அடுத்த வருடம் 1,35,000 வட்டியும் கைக்கு 1,15,000 ரூபாயும் சேர்ந்து 10 இலட்சமாயிற்று. உங்கள் கையில் உண்மையில் வந்தது 7,75,000. மீதி 2,25,000 ரூபாய் வட்டி, முதலாக மாறி இன்று தானும் வட்டி கேட்கின்றது. இப்போது 14 இலட்சத்துக்கு வைத்தால் நிலுவை வட்டி 1,80,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு சரியாக 2,20,000 ரூபாய்தான் தருவார்கள். அந்த ஒரு நாள் ஒளிபரப்புக்காகக் கடன் 4 இலட்சம் ஏறும். மாத வட்டி மட்டும் 21,000 ரூபாய் ஆகும். உங்கள் சம்பளத்தில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

தங்கம் விலை ஏறும் ஒவ்வொரு முறையும் அதே நகையில் இன்னும் கொஞ்சம் எடுக்கும் இந்தப் பழக்கம்தான் உங்களை அரிக்கின்றது. கல்யாணம் இதற்கு வந்து வாய்த்த கடைசிக் காரணம் மட்டுமே. விலை ஏறிக்கொண்டே இருக்குமென நம்ப வேண்டாம். 2013 ஏப்ரலில் உலகச் சந்தையில் தங்கம் சில நாட்களுக்குள் பலமாகச் சரிந்தபோது, உச்ச விலைக்கு வைத்தவர்கள் பலர் நகையை மீட்க முடியாமல் விட்டார்கள்; நம் நாட்டு வங்கிகளும் அடகுக் கடனில் நட்டப்பட்டன.

இன்னொன்றை நீங்கள் கட்டாயம் அறிய வேண்டும். மணமக்களில் ஒருவரோ இருவருமோ நேரில் நிற்காமல், இணையத்திலோ தொலைபேசியிலோ பதிலாள் மூலமாகவோ நடந்த கல்யாணத்தைக் கனடா 2015 ஜூன் 11 முதல் வாழ்க்கைத்துணை ஸ்பொன்சருக்கு ஏற்பதில்லை. கனடிய ஆயுதப் படையினருக்கு மட்டும் விலக்கு உண்டு. இங்கேயும் பதிவாளர் முன் இருவரும் நேரில் நின்று ஒப்பமிட்டால்தான் பதிவு. ஆகவே மாப்பிள்ளை வந்து சேரும் நாளில்தான் உங்களுக்கு உண்மையான செலவு காத்திருக்கின்றது: பதிவு, விருந்து, பிறகு மகளின் பயணம். ஆவணியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் அந்த நாளுக்கு அடகு வைக்கவும் நகை இருக்காது. இதை மாப்பிள்ளை வீட்டாரிடம் இந்த வாரமே பேசுங்கள். சடங்கைத் தள்ளிப்போட அவர்களே விரும்பக்கூடும்.

ஆவணியிலேயே செய்வதென்றால் வீட்டளவில் செய்யுங்கள். சூம் செயலியின் இலவசக் கணக்கில் 100 பேர் இணையலாம், ஆனால் 40 நிமிடத்தில் அழைப்பு துண்டிக்கப்படும். தாலி ஏறும் வேளையில் அது நேரக் கூடாது என்பதால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டணக் கணக்கு எடுங்கள். நல்ல கைபேசி ஒன்று, அதை நிறுத்த ஒரு தாங்கி, மகனைப் போல ஒருவர் பக்கத்தில். வீடியோக்காரர் 12 மாதத் தவணையில் தருவதாகச் சொல்லும் பக்கேஜையும் தொட வேண்டாம். தவணை என்ற பெயரில் வருவதும் கடனே. ட்ரோன் மேலே பறந்து எடுக்கும் உங்கள் கூரையை யாரும் இரண்டாம் முறை பார்க்கப் போவதில்லை.

அண்ணாவுக்கு இப்படி எழுதுங்கள்: "அண்ணா, திரையும் கமராவும் உங்கள் ஆசை. பணத்தை நேரே வீடியோக்காரருக்கு அனுப்பிவிடுங்கள், எனக்கு வேண்டாம்." நீ இப்போது செய், நான் பிறகு தருகின்றேன் என்று அவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். சென்ற வருடம் நிச்சயதார்த்தத்துக்கும் அவர் அதையே சொன்னார் என்பது உங்கள் கடிதத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கின்றது. அவர் கெட்டவர் என நான் நினைக்கவில்லை. தூரத்தில் இருப்பவருக்கு உங்கள் மாத வட்டி தெரியாது. சீட்டின் படத்தை அவருக்கும் அனுப்புங்கள்.

பழைய கடனுக்கு ஒரே வழிதான் எனக்குத் தெரிகின்றது. காப்பு இரண்டையும் விற்றுவிடுங்கள். இரண்டு பவுண், நீங்கள் கடையில் விசாரித்த பவுணுக்கு இரண்டரை இலட்சம் என்ற விலைப்படி, கழிவு போக 4,75,000 ரூபாய் அளவில் வரும். வட்டி 1,80,000 தீரும், முதல் ஏறக்குறைய 7 இலட்சத்துக்கு இறங்கும். பிறகு மகனின் 15,000 ரூபாயோடு நீங்கள் 5,000 சேர்த்து மாதாமாதம் கட்டினால், நான்கு வருடத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் கொடியும் சங்கிலியும் வீட்டுக்கு வரும். நகையை விற்பது உங்களுக்கு எவ்வளவு கனக்கும் என்பதை அறிவேன். அடகில் இருக்கும் காப்பை மகள் எப்படியும் ஆவணியில் அணியப் போவதில்லை.

சீட்டின் தவணை இம்மாதம் 28 இல் முடிகின்றது. அதற்கு முன் மகனையும் அழைத்துக்கொண்டு போய், காப்பை மட்டும் பகுதியாக மீட்க முடியுமா, மீதிக்கு வேறு சீட்டு எழுதித் தருவார்களா எனக் கேளுங்கள். கூடுதல் பணம் தருகின்றோம் என்று அவர்கள் சொல்வார்கள், வாங்காமல் வாருங்கள்.