மஞ்சள்தூள், சொட்டு நீலம், ஃபுட் கலர், சிமென்ட் கலர் என்று வீட்டிலும் ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிறவற்றை வைத்தே எபாக்ஸி ரெசினுக்கு நிறம் கொடுக்க முடியுமா?

முடியும். எபாக்ஸி என்பது ரெசின், ஹார்டனர் என்ற இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகிக் கெட்டியாகிற பிசின். ஆனால் நான்கையும் ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள். அந்த நான்கில் தேறுவது சிமென்ட் கலர் ஒன்றுதான். கத்திக் கைப்பிடி, சாவிக்கொத்து, பலகை விரிசல் என்று ஒரு தடவைக்கு 50, 100 கிராம் கலக்குகிறவர் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். பெரிய மேசைக்கு லிட்டர் கணக்கில் ஊற்றுகிறவர்கள் ரெசினுக்கென்றே விற்கிற நிறமியை வாங்கிக்கொள்வதுதான் சரி.

சொட்டு நீலமும் திரவ ஃபுட் கலரும் தண்ணீரில் கரைத்த சாயங்கள். தண்ணீர் சேர்ந்தால் ரெசின் பால் மாதிரி கலங்கும், மேல்பரப்பு பிசுபிசுக்கும். பொடியாக வாங்கினாலும் ஃபுட் கலர் ரெசினில் கரையாது, புள்ளி புள்ளியாக நிற்கும்.

மஞ்சள்தூள் கதை வேறு. ரெசினில் கலக்கும்போது நல்ல மஞ்சளாகத்தான் இருக்கும். ஹார்டனரை ஊற்றிக் கிளறக் கிளற செங்கல் நிறத்துக்குத் திரும்பும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் சிவப்பதும் இதுவும் ஒன்றுதான். வழக்கமான ஹார்டனர்கள் அமீன்கள் என்ற வேதிப்பொருள்கள், அவை சுண்ணாம்பு போலவே காரத்தன்மை உள்ளவை. அந்தச் சிவப்பும் வெயிலில் நிற்காது. "நான் போட்டேன், நன்றாகத்தான் வந்தது" என்று கீழே யாராவது எழுதுவீர்கள். தயவுசெய்து அந்தத் துண்டை இரண்டு மாதம் ஜன்னலோரம் வைத்துவிட்டு எழுதுங்கள்.

வெள்ளைக்கு சாக்பீஸ் தூள், விபூதி, கோலப்பொடி எதுவும் உதவாது. காய்ந்த பொடியாக வெள்ளையாகத் தெரிகிறவை ரெசினில் விழுந்ததும் நனைந்த துணி போல மங்கிச் சாம்பலாகும். சுண்ணாம்பு வகைப் பொடிகளும் எபாக்ஸியும் ஒளியைக் கிட்டத்தட்ட ஒரே அளவில் வளைப்பதுதான் காரணம். வெள்ளை வேண்டுமானால் டைட்டானியம் டை ஆக்சைடு, வேறு வழியில்லை.

நம்பிப் போடக்கூடியவை: சிமென்ட் கலர் என்று விற்கிற, தரைக்குப் போடுகிற சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆக்சைடு, நன்றாக அரைத்துச் சலித்த காவிக்கல், பொட்டலத்தில் அல்ட்ராமரின் என்று போட்டிருக்கிற நீலப்பொடி, கறுப்புக்கு விளக்குக்கரி அல்லது லேசர் பிரின்டர் டோனர். டோனர் மிக நுண்ணிய தூள். ஃபேனை நிறுத்தி, முகமூடி போட்டு, கத்தி நுனியில் எடுங்கள். சிந்தினால் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். செந்தூரம் வேண்டாம். சிலவற்றில் ஈயம் இருக்கிறது, தேய்க்கும்போது அந்தத் தூசிதான் மூச்சில் போகும்.

பொடியில் இருக்கிற ஈரம் பெரிய எதிரி. பழைய இரும்புக் கடாயில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, சிறு தீயில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து, மூடிய பாட்டிலில் ஆறவிடுங்கள். அந்தக் கடாயை மறுபடி சமையலுக்கு எடுக்கக்கூடாது. மஞ்சள் ஆக்சைடு, கறுப்பு ஆக்சைடு, விளக்குக்கரி, டோனர் இவற்றை மட்டும் கடாயில் போடாதீர்கள். டோனர் பிளாஸ்டிக் தூள், உருகிவிடும். கரி கனன்று எரியலாம். கறுப்பு ஆக்சைடு சூடு கூடினால் பழுப்பாகும். மஞ்சள் ஆக்சைடின் அமைப்பிலேயே நீர் கட்டுண்டு இருக்கிறது. சூடு கூடினால் அது வெளியேறி மஞ்சள் சிவப்பாகிவிடும். இவற்றை நல்ல வெயிலில் காயவைத்தால் போதும்.

காய்ந்த பொடியை நேரே கோப்பையில் கொட்டினால் கட்டி தட்டும். ஒரு டைல்ஸ் துண்டின் மேல் பொடியும் அதே எடை ரெசினும் வைத்து, புட்டி பிளேடால் அழுத்தித் தேய்த்துத் தேய்த்து விழுதாக்குங்கள். பிளேடை இழுத்த தடத்தில் ஒரு புள்ளிகூடத் தெரியக்கூடாது. அந்த விழுதை மீதி ரெசினில் கலந்து, ஹார்டனரைக் கடைசியில் ஊற்ற வேண்டும்.

அளவு: எடைக்கு 2:1 ரெசின் என்றால் ரெசின் 40 கிராம், ஹார்டனர் 20 கிராம், ஆக்சைடு 1.2 முதல் 1.8 கிராம். விழுதுக்கு எடுத்த ரெசினும் அந்த 40 கிராமுக்குள் அடங்க வேண்டும். விளக்குக்கரி 0.3 கிராமே போதும். நிறைய பேர் சறுக்குகிற இடம் இது: நிறம் கலந்த ரெசினை மொத்தமாக எடை போட்டு, அதில் பாதி ஹார்டனர் ஊற்றுகிறார்கள். 4 கிராம் பொடி இருந்தால் 44 கிராம் காட்டும், ஹார்டனர் 22 கிராம் போய்விடும். பத்து சதவீதம் அதிகம். துண்டு நகம் பதிகிற அளவுக்கு மெத்தென்று நின்றுவிடலாம். பழி பொடியின் மேல் விழும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சில்லறையாகப் பிரித்து விற்கிறவர்கள் பாட்டிலில் "2:1" என்று மட்டும் ஒட்டி அனுப்புகிறார்கள். எடையா, கன அளவா? ரெசின் மில்லிக்கு சுமார் 1.15 கிராம், ஹார்டனர் சுமார் 1 கிராம். கன அளவுக்கு 2:1 என்பதை எடையில் போட்டால் 100-க்கு 43 வர வேண்டிய ஹார்டனர் 50 ஆகிவிடும். பணம் கொடுத்து வாங்குகிறவனுக்கு ஒரு சொல் கூடுதலாக அச்சடிக்க என்ன கஷ்டம்? கலவை விகிதம் போட்டிருக்கிற டேட்டா ஷீட் கேளுங்கள், தராதவரிடம் வாங்காதீர்கள்.

ஆக்சைடு ரெசினைப் போல சுமார் நாலு மடங்கு கனம். அச்சில் ஊற்றுவதற்கென்று தண்ணீர் போல ஓடுகிற காஸ்டிங் ரெசினில் அடியில் இறங்கி, மேலே வெளிறிப்போகும். கலவை தேன் பதத்துக்குக் கெட்டியாகும் வரை காத்திருந்து ஊற்றுங்கள். அதுவரை கோப்பையில் குவியலாக வைக்காமல் அகலமான தட்டில் பரப்பி வையுங்கள், குவியலாக இருந்தால் சூடேறிச் சட்டென்று இறுகிவிடும். சித்திரை வெயிலில் இந்த அவகாசம் பாதியாகக் குறையும்.

கைக்கு நைட்ரைல் கையுறை. பட்டுவிட்டால் சோப்பும் தண்ணீரும்தான், தின்னரால் துடைக்காதீர்கள். சாப்பாட்டுத் தட்டு, கரண்டி எதற்கும் சிமென்ட் கலர் வேண்டாம்.

புதுப் பொடி எதுவானாலும் முதலில் ஒரு பாட்டில் மூடியில் 5 கிராம் ஊற்றிப் பாருங்கள். காய்ந்ததும் பாதியைக் கறுப்பு டேப்பால் மூடி, பின்பக்கம் தேதியும் எடையும் எழுதி, வெயில் படுகிற ஜன்னலில் வைத்துவிடுங்கள். ஒரு மாதம் கழித்து டேப்பை உரித்தால் இரண்டு பாதிக்கும் நடுவே கோடு தெரிகிறதா என்று பாருங்கள்.