இரைப்பைப் புற்றுநோய்: தொடக்க அறிகுறிகளும் உணவின் பங்கும்
நீடித்த அஜீரணம் புற்றுநோயின் அடையாளமா, உணவை மாற்றினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அது புற்றுநோயாக இருப்பதில்லை. ஆனால் இந்நோய் தொடக்கத்தில் அறிகுறியே காட்டாமலும், காட்டினாலும் வெறும் அஜீரணம் போலவும் இருப்பதால், சிறிது உண்டதுமே வயிறு நிறைந்துவிடுதல், காரணமின்றி எடை குறைதல், விழுங்கச் சிரமம், கருநிற மலம், இரத்தசோகை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் எண்டோஸ்கோபி (வாய்வழியே கேமரா பொருத்திய குழாயைச் செலுத்தி இரைப்பையைப் பார்க்கும் பரிசோதனை) தேவையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். அமிலம் குறைக்கும் மாத்திரைகளைத் தாமாகவே மாதக்கணக்கில் உட்கொள்வது (பலரும் செய்வதுதான்) அறிகுறிகளை மறைத்துவிடக்கூடும்.

உப்பிட்டுப் பதப்படுத்திய உணவுகள் ஆபத்தைக் கூட்டுகின்றன. எனினும் உணவைவிடப் பெரிய காரணி, உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இல் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்திய ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா. மூச்சு அல்லது மலப் பரிசோதனையில் அது கண்டறியப்பட்டால், ஆன்டிபயாடிக் மருந்துகளால் ஒழிக்க முடியும்.